டைல்ஸ் இடுக்கில் கசியும் நீர்

குளியலறைத் தரை பளிச்சென இருக்க வேண்டுமென்று ஆசிட் ஊற்றித் தேய்ப்பது நம் வீடுகள் பலவற்றில் வழக்கம். கறையோடு சேர்த்து, டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமெண்ட் கிரவுட்டையும் அது அரித்துவிடும்.

வாடகைக்கு வந்த எங்கள் மாடிவீட்டிலும் கிரவுட் உதிர்ந்தே கிடந்தது. கீழ்வீட்டார் தம் கூரையில் ஈரக்கறை படர்வதை மிகுந்த தயக்கத்தோடு தெரிவித்தனர். அண்டை வீட்டாரின் உரிமையை மதரஸாவில் போதிக்கும் எங்களால் அதைத் தள்ளிவைக்க இயலவில்லை. குழாய்களில் கசிவு இல்லை.

பழையதன் மீது பூசினால் புதியது நிற்காது. ஆகவே மூத்த மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு இடுக்குகளைச் சுரண்டித் துடைத்தோம். பற்பசைப் பதத்தில் குழைத்த கிரவுட்டை ரப்பர் தகட்டால் குறுக்குச் சாய்வாக அழுத்த வேண்டும். இடுக்கின் வழியே இழுத்தால் உள்ளே சென்றதையும் வழித்துவிடும். சுவரும் தரையும் சேரும் மூலைக்கு மட்டும் சிலிகான். அங்கே கிரவுட் வெடித்துவிடும்.

மூன்று நாள்கள் தண்ணீர் படவிடவில்லை. ஒளுவுக்குப் பள்ளிவாசல் ஹவ்ளு இருந்தது; குளிப்பதற்குக் கீழ்வீட்டாரே தம் குளியலறையைத் திறந்துவிட்டனர்! பின்னர் சீலர் பூசிக் காயவிட்டுத் தெளித்தபோது, நீர் இடுக்கில் இறங்காமல் முத்துமுத்தாய் நின்றது.

கறை இனியும் படர்ந்தால், வீட்டு உரிமையாளரிடம் சொல்லி, டைல்ஸைப் பெயர்த்து அடியில் நீர்த்தடுப்புப் பூச்சு இடத்தான் வேண்டும். அது கொத்தனார் வேலை. காய்ந்துவிட்டால், அக்கூரைக்கு வெள்ளையடிப்பது எங்கள் பொறுப்பு, இன்ஷா அல்லாஹ்.