எர்த் எங்கே அறுந்தது?

டெஸ்ட் லேம்ப் என்றால் ஒரு சின்ன பல்பு, கொஞ்சம் வயர், ஒரு கிளிப். சிவகாசியில் பழைய கார்களைப் பார்க்கும் அந்த எலக்ட்ரீசியனிடம் மல்டிமீட்டரும் உண்டு. என்றாலும் முதலில் எடுப்பது பல்பைத்தான்.

நான் போனபோது பட்டறையில் ஓர் அம்பாசடர் நின்றது. உத்தரப்பாரா ஆலை 2014-ல் நிறுத்திவிட்ட இந்தக் காரை, விருதுநகர்ப் பருப்பு வியாபாரி ஒருவர் இன்னும் தினமும் ஓட்டுகிறார். "புது பேட்டரி போட்டாச்சு, டைனமோவுக்கு பிரஷ் மாத்தியாச்சு. காலையில செல்ஃப் எடுக்க மாட்டேங்குது தம்பி."

"செல்ஃப் அடிக்கையில சோக் கம்பி சுடுதா அண்ணாச்சி?"

சுடத்தான் செய்தது.

காரில் மின்சாரம் போவதற்குத்தான் வயர். திரும்பி வர வண்டியின் இரும்பு உடம்பே பாதை. ஆனால் என்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுன்ட் மேல். அதனால் என்ஜினையும் பாடியையும் இணைக்க ஓர் எர்த் பட்டை வேண்டும். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பட்டை கெட்டால் அத்தனை மின்சாரமும் வேறு வழி தேடும். மெல்லிய சோக் கம்பியும் அதில் ஒன்று. டைனமோவின் சார்ஜும் அதே பாதையில்தான் திணறுகிறது. பேட்டரியை எத்தனை முறை மாற்றி என்ன?

கிளிப்பைப் பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, முனையை என்ஜினில் வைத்தார். பல்பு நன்றாகவே எரிந்தது. அதை அவர் நம்பவில்லை. சின்ன பல்புக்குப் பட்டையில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் போதும், செல்ஃபுக்குப் போதாது. பிறகுதான் மீட்டர். ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை என்ஜினில். ஐடிஐ படித்த உதவியாளர் செல்ஃப் அடித்தார். கால் வோல்ட்டுக்குள் நிற்க வேண்டிய எண் ஒரு வோல்ட்டைத் தாண்டியது.

போல்ட்டைக் கழற்றினால் அடியில் பெயின்ட். டிங்கரிங் முடித்தவர்கள் அந்த இடத்தையும் விட்டுவைக்கவில்லை. உப்புத்தாளால் இரும்பு தெரியத் தேய்த்து, புதுப் பட்டை போட்டு இறுக்கினார். ரேஸ் கொடுத்ததும் பேட்டரியில் 14 வோல்ட். ஐடிலிங்கில் பார்த்து ஏமாறக் கூடாது என்றார். மெதுவான சுற்றில் டைனமோ சார்ஜ் கொடுக்காது.

உதவியாளரின் அம்மா பட்டாசு ஆலைக்குப் போகிறவர். எர்த் என்றால் என்னவென்று இந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆலையின் வெடிமருந்து அறைக்குள் நுழையும் முன் எர்த் செய்த உலோகத் தகட்டைத் தொட வேண்டும். நைலான் ஆகாது, பருத்திதான் உடுத்த வேண்டும். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் இங்கே வேரூன்ற உதவிய அதே வறண்ட காற்றில், மனித உடம்பில் சில ஆயிரம் வோல்ட் நிலைமின்சாரம் சேரும். காரில் எர்த் தவறினால் ஒரு காலைப்பொழுது வீண். அங்கே தவறினால் உயிர்.

பேட்டரிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்த வியாபாரி, "ஒரு போல்ட்டைத் தேய்ச்சதுக்கா இவ்வளவு?" என்று கூலியில் பேரம் பேசினார். எனக்கு மனசு பொறுக்கவில்லை. எலக்ட்ரீசியன் கோபப்படாமல் பழைய பட்டையை அவர் கையில் கொடுத்தார். பெரும்பாலான இழைகள் அறுந்திருந்தன. பேரம் அத்தோடு நின்றது.

அடுத்து ஒரு மாருதி 800. பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்குகிறதாம். "பின் லைட் எர்த்தா இருக்கும்ணே" என்றபடி உதவியாளர் டிக்கியைத் திறந்தார்.