பரமபதத்தில் ஒரு பாடம்

விளையாட்டு வினையாகும் என்பர் பெரியோர். விளையாட்டே வித்தையும் ஆகும் என்பதை இவ்வாண்டு ஆறாம் ஆண்டு மாணவர்களாகிய நாங்கள் கண்டுணர்ந்தோம்.

வைகுண்ட ஏகாதசி இரவில் நம் முன்னோர் கண்விழித்து ஆடிய பரமபதத்தில் நற்குணம் ஏணியாய் ஏற்றும். தீக்குணம் பாம்பாய் இறக்கும். அறம் புகட்டிய அக்கட்டங்களிலேயே உடல்நலத்தையும் புகட்டலாமே என்றார் எங்கள் ஆசிரியை. 1962ஆம் ஆண்டு பினாங்கில் டிங்கி இரத்தக்கசிவுக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. அன்று தொட்டு டிங்கி நம் நாட்டை விட்டு அகலவில்லை. ஆதலால் அதனையே பொருளாகக் கொண்டோம்.

பழைய அட்டைப் பெட்டியை விரித்து 100 கட்டங்கள் வரைந்தோம். தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுவது ஓர் ஏணி. ஏடிஸ் கொசுவின் முட்டை ஏழு முதல் பத்து நாள்களில் கொசுவாகிவிடும். தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டையோ நீர் வற்றினும் பல மாதம் உயிரோடிருக்கும். எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும். பால்வெட்டு நின்ற மரத்தில் மங்கைக் கவிழ்க்காமல் விடுவது ஒரு பாம்பு. மழைநீர் தேங்கிய மங்கும் கொசுவுக்குத் தொட்டிலே.

97ஆம் கட்டத்தில் மிக நீண்ட பாம்பை வரைந்தோம். அதன் தலையில், "காய்ச்சல் விட்டது, இனிப் பயமில்லை" என்று எழுதினோம். எங்கள் தோழி ஒருத்தியின் தம்பிக்குக் காய்ச்சல் தணிந்த மறுநாள்தான் கடும் வயிற்று வலியும் ஓயாத வாந்தியும் கண்டன. ஈறிலும் இரத்தம் கசிந்தது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதால் பிழைத்தான்.

நாங்கள் லயத்துத் திண்ணையில் ஆடுவதைப் பார்த்திருந்த பாட்டி ஒருவர், "காய் உருள்வது போலத்தான் நோயும்; எல்லாம் தலையெழுத்து, கண்ணுகளா!" என்றார். அச்சொல் எங்களைச் சிந்திக்க வைத்தது. அன்றே புதிய விதி ஒன்று சேர்த்தோம்: பாம்பின் வாயில் விழுந்தவர், அத்தீங்கைத் தடுக்கும் வழியைச் சரியாகச் சொன்னால் இறங்க வேண்டியதில்லை. அடுத்த ஆட்டத்தில் பாட்டியும் அமர்ந்தார். பூச்சாடித் தட்டுப் பாம்பில் அகப்பட்டவர், "தண்ணியைக் கொட்டித் தேய்ச்சுடணும், அவ்வளவுதானே!" என்று கூறித் தப்பித்துக்கொண்டார்.

பெற்றோர்களே! காய் எங்கு விழும் என்பது நம் கையில் இல்லை. தேங்கிய நீரைக் கொட்டுவது நம் கையில்தான் உள்ளது. வாரத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உங்களுடன் வீட்டைச் சுற்றிவர நாங்களும் வருகிறோம்.