அப்பா கனடாவில்

2020 ஜனவரி 15, புதன்
பொங்கல். பல்கனியில் கடற்காற்றுக்கு அடுப்பு நிற்கவில்லை. குசினிக்குள் காஸிலேயே பொங்கினோம். வெள்ளவத்தை பிளாட் பொங்கல் அப்படித்தான். அத்தானின் படத்துக்கு மாலை போட அக்காவின் மாமி விடமாட்டா. அவருடைய பங்கை மட்டும் எடுத்து மூடி வைத்தா. அக்காவின் பெடியனுக்கு அவர் கனடாவில், விசாச் சிக்கலில். 2008 இலிருந்து அதுதான் கதை.

ஜனவரி 19, ஞாயிறு
திரும்பவும் சண்டை. பிளாட்டின் உறுதி அத்தானின் பெயரில். விற்றுக் கடனை அடைத்துவிட்டு வாடகைக்குப் போவோம் என்கிறா அக்கா. அதற்கு மரணச் சான்றிதழ் வேண்டும். “என்ர பிள்ளையைச் சாகடிச்சுப்போட்டு வீடு விக்கப்போறியோ?” என்று மாமி கத்தினா. 2016 சட்டப்படி, செத்தார் என்று சொல்லாமல் காணவில்லை என்றே ஒரு சான்றிதழ் எடுத்தோம். அது இரண்டு வருடம்தான் செல்லும். அதுவும் முடிந்துவிட்டது. பெடியன் அறைக்குள் கணக்குச் செய்துகொண்டிருந்தான். செய்தானோ தெரியாது.

ஜனவரி 21, செவ்வாய்
காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள், பெரும்பாலானவர்களைப் புலிகள்தான் கொண்டுபோனார்கள், விசாரித்து மரணச் சான்றிதழ் கொடுக்கலாம் என்று ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஐ.நா. வதிவிட இணைப்பாளர் ஹனா சிங்கரிடம் சொல்லியிருக்கிறார். அக்கா பேப்பரை அரிசி வாளிக்கு அடியில் வைத்தா. என்ன பிரயோசனம், பெடியனிடம் போன் இருக்கிறது.

இரவு சாப்பாட்டில் கேட்டான்: “மாமா, அப்பாவைக் கொட்டாஞ்சேனையிலதானே பிடிச்சவை? அங்க எங்க புலி?”

ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெள்ளை வான், பொன்னம்பலவாணேசர் கோயில் பக்கம், பின்னேரம், எல்லாம் தெரிந்திருக்கிறது. ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது அலுமாரியில் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியைக் கண்டானாம். சிங்களத்தில் இருந்தது. பள்ளிக்கூடச் சிங்களத்தை வைத்து எழுத்துக்கூட்டி, நாலைந்து நாள் ஒளித்து ஒளித்து வாசித்தானாம். அதற்குப் பிறகும், நான் புறக்கோட்டையில் வாங்கி ‘அப்பா அனுப்பினது’ என்று கொடுத்த பிறந்தநாள் உடுப்பைப் போட்டுக்கொண்டு, “அப்பாவுக்குத் தாங்ஸ் சொல்லுங்கோ மாமா” என்றவன். எங்களைவிட நன்றாக நடித்திருக்கிறான், பாவி.

ஜனவரி 22, புதன்
மாமி சாப்பிடவில்லை. அக்கா வேலைக்குப் போய்விட்டா.

ஜனவரி 26, ஞாயிறு
அப்பம்மா இருக்குமட்டும் வீட்டை விற்கவேண்டாம் என்கிறான். விஞ்ஞான ரியூசனையும் வான் காசையும் நிறுத்தி, பஸ்ஸில் போனால் மாதம் எவ்வளவு மிச்சம் என்று கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறான். வட்டியையும் சேர்த்துத்தான். பன்னிரண்டு வயது. அக்கா கொப்பியைப் பறித்து அவனுக்கு அடித்தா. அடித்துவிட்டுக் கூட்டலைச் சரிபார்த்தா. பிழையில்லை. ரியூசன் காசை நான் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.