மொழியியல் பயிலும் மலையகப் பிள்ளைகளுக்கு வழிகாட்ட யார்?

ஹட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் யாழ்ப்பாணம், களனி முதலிய பல்கலைக்கழகங்களுக்குச் சென்று மொழியியலை, அதாவது மொழியின் ஒலி, சொல், தொடர், பொருள் ஆகியவற்றை ஆராயும் துறையைத் தெரிவுசெய்யும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த விரிவுரையாளர்கள் உண்டு. ஆனால் அப்படிப்பு எந்தத் தொழிலில் கொண்டுசேர்க்கும் என்று எடுத்துச்சொல்லக்கூடியவர் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பில், கிடைப்பது அரிது.

மொழியியல் கற்றவர்களுக்கான தேவையோ அவர்களின் ஊரிலேயே இருக்கிறது.

இலங்கையின் 1987ஆம் ஆண்டு 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக, அதாவது சிங்களத்திலும் தமிழிலும் மக்களுக்குச் சேவை வழங்கவேண்டியவையாக, அறிவிக்கப்பட்டன.

ஆகவே செயலகத்திலும் பொலிஸ் நிலையத்திலும் எழுத்தைப் பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளரும், நீதிமன்றத்தில் பேச்சை உடனுக்குடன் பெயர்க்கும் உரைபெயர்ப்பாளரும் இன்றியமையாதவர்கள். இரு மொழிகளையும் கேட்டு வளர்ந்து, அவற்றின் அமைப்பையும் முறையாகக் கற்ற மாணவர் இப்பணிகளுக்கு மிகப் பொருத்தமானவர்.

மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்ததுபோல, தோட்டத்துக் கிளைமொழியை, அதாவது அச்சமூகத்துக்கே உரிய பேச்சு வழக்கை, ஒலிப்பதிவாகவும் அகராதியாகவும் ஆவணப்படுத்தும் பணியும், தமிழுக்கான கணினிக் கருவிகளை உருவாக்கும் மொழித் தொழில்நுட்பமும் காத்திருக்கின்றன.

முதலாம் ஆண்டிலேயே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுத்துத் தேர்ச்சி பெறவும், மொழிபெயர்ப்புப் பயிற்சியில் ஈடுபடவும், பதவி வெற்றிடங்களைக் கவனிக்கவும் துணைநிற்கும் ஒருவர் கிடைத்தால் அம்மாணவரின் வாழ்வே மாறும்.

இத்துறைகளில் ஏற்கெனவே பணிபுரியும் மலையகப் பட்டதாரிகளுள், ஆளுக்கொரு மாணவரையேனும் பொறுப்பேற்க முன்வருபவர் எத்தனை பேர்?