பரங்கிமலைச் சிலுவையும் தோமையார் வழிபாடும்

குரோம்பேட்டையிலிருந்து சென்னைக் கடற்கரை நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் ஐந்தாவது நிலையமாக வருவது பரங்கிமலை. இயேசுவின் பன்னிரு திருத்தூதர்களுள் ஒருவரான தோமையார் கி.பி. 72இல் ஈட்டியால் குத்தப்பட்டு வேதசாட்சியாக, அதாவது தம் விசுவாசத்துக்காக உயிர்நீத்தவராக, மரித்த இடம் இதுவே என்று கத்தோலிக்க மரபு போற்றுகிறது. ஏறத்தாழ 300 அடி உயரமுள்ள இக்குன்றின் உச்சியில், இயேசுவின் பிறப்பை எதிர்நோக்கியிருக்கும் மரியாளின் பெயரால் போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஆலயம் நிற்கிறது. அதன் பீடத்தில் பதிந்துள்ள கற்சிலுவையே மலையின் தொன்மைக்கு இன்று கண்ணால் காணத்தக்க முதற்சான்றாகும்.

கருங்கற்பலகையொன்றில் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ள இச்சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் உருவம் இல்லை. நான்கு முனைகளும் மொட்டுகளாக விரிய, அடியில் இலையிதழ்கள் இருபுறமும் சுருண்டெழ, மேலிருந்து ஒரு புறா தலைகீழாக இறங்கிவருகிறது; இரு பக்கத் தூண்களின்மேல் அமர்ந்த மகரங்களின் வாயிலிருந்து புறப்படும் வளைவு அனைத்தையும் கவிந்துகொள்கிறது. கோயில் வாயில்களின் மகர தோரணத்தைக் கண்டு பழகிய தமிழருக்கு இவ்வமைப்பு அயலானதாகத் தோன்றாது. ஆனால் வளைவின்மேல் ஓடும் எழுத்து தமிழுமன்று, கிரந்தமுமன்று. சசானியப் பேரரசர் காலப் பாரசீகத்தில் வழங்கிய பகலவி எழுத்து.

1547இல் ஆலயப் பணிக்காகக் கடைக்கால் தோண்டியபோது இக்கல் வெளிப்பட்டதென்பர். 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி நடந்துகொண்டிருக்கையில் சிலுவை இரத்தத்துளிகளாக வியர்த்ததென்றும், அந்த அற்புதம் பலமுறை நிகழ்ந்து 1704இல் நின்றதென்றும் ஆலய மரபு கூறுவதால், இதற்கு 'இரத்தம் வடிக்கும் சிலுவை' என்ற பெயர் நிலைத்தது. தோமையாரே தம் கையால் செதுக்கி, அதைத் தழுவியபடியே உயிர்விட்டார் என்று அடியார்கள் நம்பினர். விசயநகர ஆட்சிப்பகுதியிலிருந்து அழைத்துவரப்பட்ட அந்தணர் ஒருவரும் தாம் அறியாத அவ்வெழுத்தில் தோமையாரின் வரலாறு முழுவதும் அடங்கியிருப்பதாக வாசித்துக் காட்டினார். 1870களில் ஏ. சி. பர்னெல் அதைப் பகலவி என ஆராய்ந்து வெளியிட்டபின் அந்த வாசிப்பு செல்லாததாயிற்று. எழுத்தமைதி கொண்டு கல்லின் காலத்தை ஆய்வாளர் பலரும் ஏழாம் நூற்றாண்டுக்கும் ஒன்பதாம் நூற்றாண்டுக்கும் இடையில் வைக்கின்றனர். சொற்களின் பொருளில் இன்னும் கருத்து வேறுபாடு இருப்பினும், ஆய்வாளர் விங்க்வொர்த்தின் வாசிப்பின்படி, சிலுவையைச் செதுக்கியவர் தம் பெயரும் தந்தை பெயரும் சொல்லிக் கிறிஸ்துவிடம் இரக்கம் வேண்டும் மன்றாட்டே அது.

ஆகவே இக்கல் தோமையாரின் கைவேலையாக இருக்க முடியாது. அதனால் இதன் மதிப்பு குறையவில்லை, பன்மடங்கு கூடுகிறது. போர்த்துக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, பாரசீகத்தில் தலைமை கொண்டு சிரியாக் மொழியில் வழிபட்ட கீழைத் திருச்சபையோடு உறவுடைய கிறிஸ்தவர்கள் இக்கரையில் இருந்தனர் என்பதை எந்தப் புராணத்தைவிடவும் உறுதியாக இது சொல்கிறது. கோட்டயம் வலியபள்ளியிலும் கேரளத்தின் வேறு சில ஆலயங்களிலும் உள்ள இதையொத்த சிலுவைகள் அவ்வுறவின் பரப்பைக் காட்டுகின்றன. குரோம்பேட்டைக்கு அடுத்த பல்லாவரத்தில் முதலாம் மகேந்திரவர்மன் தன் விருதுப் பெயர்களைப் பொறித்த ஏழாம் நூற்றாண்டுக் குடைவரை பின்னாளில் தர்காவாகி வழிபாட்டில் தொடர்வதையும் சேர்த்து நோக்கினால், இப்புறநகர்க் குன்றுகளை வெறும் பாறைகளாகக் கடந்துசெல்ல மனம் வராது.

தோமையார் வழிபாடு கிறிஸ்தவருக்குள் மட்டும் அடங்கியதுமன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதிய குறிப்பின்படி, தோமையாரின் கல்லறைக்குக் கிறிஸ்தவரும் இசுலாமியரும் திருப்பயணம் வந்தனர். அங்கிருந்து எடுத்த செம்மண்ணை நீரில் கரைத்துக் காய்ச்சல் கண்டவருக்குப் புகட்டினர். மயில் வேட்டையாடிய ஒருவனின் அம்பு தவறிப் பட்டே தோமையார் இறந்தார் என்று மார்க்கோ போலோ கேட்டறிந்த கதை, ஆலய மரபிலுள்ள ஈட்டிக் கதையிலிருந்து வேறுபடுகிறது. அடக்கத்தலத்து மண்ணை மருந்தாகக் கொள்ளும் வழக்கம் சித்தர் சமாதிகளையும் தர்காக்களையும் நாடும் தமிழருக்கு மிக அணுக்கமானது என்பதால், திருச்சபையின் புனிதர் மக்களின் புனிதராகவும் ஆனதற்கு மார்க்கோ போலோவின் இச்சிறு குறிப்பு அரிய சான்று.

உச்சிக்கு ஏறும் கற்படிகள் வேறொரு சமூகத்தின் கொடை. 1726இல் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைத் தம் பொருளில் கட்டுவித்த அர்மேனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான், அப்பாலத்தைக் கடந்துவரும் பயணிகள் எளிதாக மலையேறும்பொருட்டு இப்படிகளையும் அமைத்தார். சைதாப்பேட்டையில் அந்தப் பழைய பாலம் மறைந்து அதனிடத்தில் மறைமலையடிகள் பாலம் வந்துவிட்டது. படிகளில் இன்றும் அடியார்கள் ஏறிச் செல்கின்றனர்.