அம்மன் காசின் விலை

பாட்டனார் வைத்துவிட்டுப் போன பழங்காசுப் பை நம்மில் பலருடைய வீடுகளில் உண்டு. அதன் மதிப்பை அறிய விரும்புவோர், தட்டாரின் தராசை நாடுவதற்கு முன் ஒரு முறை புதுக்கோட்டைக்குப் போய்வருவது நலம்.

திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே உள்ள இவ்வூர் 1948 மார்ச் 3 வரையில் தனிச் சமஸ்தானத்தின் தலைநகர். திருக்கோகர்ணத்தில் பிரகதாம்பாள் சந்நிதியைத் தரிசித்துவிட்டு, அருகிலேயே உள்ள அரசாங்கப் பொருட்காட்சிசாலைக்குச் செல்லலாம். 1910-இல் ஏற்பட்டது அது.

அந்த அம்பிகையின் உருவமே இச்சமஸ்தானத்தின் செப்புக் காசில் ஒரு பக்கம் அமர்ந்திருக்கிறது. மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்துக்கள். அம்மன் காசு இருபது சேர்ந்தால் ஓர் அணா. நவராத்திரியில் அரிசியுடன் இக்காசையும் தானமாக வழங்குவது அரண்மனை வழக்கம். இத்தனை பெருமை இருந்தும், இயந்திரத்தில் அடித்த காசுகள் ஏராளமாய் எஞ்சியிருப்பதால், பெரும் விலை போவதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் 1835-ஆம் வருஷத்துக் காலணாவின் கதையும் இதுவே. பழமை வேறு, அருமை வேறு.

இதே சமஸ்தானத்தில், கருக்காக்குறிச்சியில், 1898-இல் 501 ரோமாபுரிப் பொற்காசுகள் அகப்பட்டன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலைக்குக் குறுக்கே உளிவெட்டு! நாணயமாக மீண்டும் செல்லாதபடி செய்து, வெறும் பொன்னாகவே கொள்வதற்காக வெட்டினர் என்பது அறிஞர் பலர் கொள்கை. தட்டாருக்கு அது பழுது. சரித்திரக்காரருக்கு அதுவே பொக்கிஷம். பண்டைத் தமிழர் அயல்நாட்டுப் பொன்னை எப்படி நடத்தினர் என்று அந்த வெட்டல்லவா சொல்லுகிறது!

ஆகவே, காசுகளைப் புளி போட்டுத் துலக்காதீர்கள். களிம்புடன் எழுத்தும் தேய்ந்துபோகும், விலையும் தேய்ந்துபோகும். இராமர் பட்டாபிஷேகம் பொறித்துக் கம்பெனியின் பெயரும் '1818'-உம் தாங்கி வருபவற்றை நம்பாதீர்கள். கம்பெனி அத்தகைய நாணயம் அடித்ததே இல்லை. பூமியில் புதைந்து கிடைத்தவை பத்து ரூபாய்க்கு மேற்பட்டால், 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த நாணயத்தை வெளிநாட்டுக்கு விற்றனுப்புவதை 1972-ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது.

இன்னொன்று: எந்தக் காசு எங்கே, யார் கைக்கு வந்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு, ஒரு சீட்டில் எழுதிப் பையினுள் வைத்துவிடுங்கள். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் பாதிச் சரித்திரம் பறிபோய்விடும்.