முதிர்வயதில் எங்கே வாழ்வது?



வரும் ஆண்டு நான் ஊழியத்திலிருந்து ஓய்வு பெறுகிறேன். ஜெர்மனியில் வாழும் என் மகள், "அப்பா, அம்மாவும் நீங்களும் இங்கேயே வந்துவிடுங்கள்" என்று வாரந்தோறும் அழைக்கிறாள். இதே கேள்வியோடு உங்களில் பலர் என்னிடம் வந்ததுண்டு. அன்று எளிதாக ஆலோசனை கூறினேன்; இன்று எனக்கே உறக்கம் வரவில்லை.

சுற்றுலா விசாவில் 180 நாட்களில் 90 நாட்களே அங்கே தங்கலாம். அதற்குமேல் வசிப்பு அனுமதியும் மருத்துவக் காப்பீடும் வேண்டும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். அண்டை வீட்டாரின் மொழியோ நமக்குத் தெரியாது.

சென்ற வாரம் ஸ்ரீரங்கத்தில் நோயுற்ற ஒரு சகோதரிக்காக ஜெபித்துவிட்டு, காவிரிப் பாலத்தைக் கடந்து திருச்சிக்குத் திரும்பினேன். தெப்பக்குளத்தருகே உள்ள கிறிஸ்து ஆலயத்தின் முன் சற்று நின்றேன். 1766-இல் அதைக் கட்டிய சுவார்ட்ஸ் ஐயர் ஜெர்மனியிலிருந்து வந்தவர். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்தவர், 1762 முதல் நம் திருச்சியில் உழைத்தார். தாய்நாட்டுக்கு ஒருமுறையேனும் திரும்பாமல், 1798-இல் தஞ்சையில் கண்மூடினார். 'அவரே இங்கு முதுமையடைந்தாரே, நான் அங்கே போவதா?' என்று எண்ணினேன். விடை கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்தேன்.

அன்றிரவு ஆதியாகமம் என்னைத் திருத்தியது. 130 வயது யாக்கோபு, மகன் யோசேப்பைக் காண எகிப்துக்குப் புறப்படுகிறார். பெயெர்செபாவில் பலியிட்டபோது, பயப்படாமல் போகும்படி தேவனே அவரைத் தேற்றுகிறார். பஞ்சத்தால் பிழைக்கப் போன அந்த முதியவர் பார்வோனையே ஆசீர்வதிக்கிறார்! பேரப்பிள்ளைகள்மேல் கைகளை வைத்து ஆசீர்வதிக்கிறார். 17 ஆண்டுகள் அங்கே வாழ்கிறார்.

தங்கியவரும் சரி, போனவரும் சரி, தாங்கள் இருந்த இடத்தில் பிறருக்கு ஆசீர்வாதமாயிருந்தார்கள். நானோ, 'என்னை யார் பார்த்துக்கொள்வார்?' என்று மட்டுமே கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். அத்தனை இரவுகளிலும் என் மனைவியின் விருப்பத்தை ஒருமுறைகூட நான் கேட்கவில்லை. மறுநாள் காலையில் கேட்டேன். "முதலில் மூன்று மாதம் போய் வருவோம். பேரனுக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்" என்றாள். அவளிடம் விடை முன்பே இருந்தது!

பிரியமானவர்களே, ஊரைத் தெரிந்துகொள்ளுமுன் உங்கள் துணையிடம் பேசுங்கள். தேவ சமுகத்தில் காத்திருங்கள். அங்கே நீங்கள் யாருக்குப் பயன்படுவீர்கள் என்றும் கேட்டுப் பாருங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, நாங்கள் தங்கினாலும் சென்றாலும், முதிர்வயதிலும் எங்களைக் கனிதரச் செய்யும். ஆமென்.